யாழ் நூலும் ஒரு பழைய பியானோவும்

சுவாமி விபுலாநந்தரின் யாழ் நூல் 1947ஆம் ஆண்டு யூன் மாதத்தில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரின் ஆதரவிலே, திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகளார் கொழும்பிலே மறைந்தார். அன்று தொட்டு இந்நூல் புகழப்பட்ட அளவுக்குப் பயிலப்படவில்லை என்று சொன்னால் அறிஞர் எவரும் சினந்து கொள்ளார். தமிழிசையின் பழைமையை நாட்ட விரும்புவோர் அதனை மேற்கோள் காட்டுவர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்குப் பொருள் காண்போர் அதனைப் புரட்டுவர். ஆயின், ஒரு கருவியை முன்னே வைத்துக்கொண்டு அதன் நரம்புகளைச் சேர்க்க முயலும் ஒருவன் இந்நூலை அணுகினால், அவனுக்கு அது யாது கூறும் என்று வினவினார் அரியர். அவ்வினாவை எழுப்பி, இயன்றவரை விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினா எனக்கு நூலகத்திலே தோன்றியதன்று. கிருலப்பனையில் யான் குடியிருக்கும் வீட்டின் முன்னறையில் ஒரு பழைய பியானோ நிற்கின்றது. இலண்டனிலே செய்யப்பட்ட நிமிர்ந்த வடிவினது. இக்காலத்துப் பியானோக்களில் உள்ள 88 கட்டைகளுக்குப் பதிலாக 85 கட்டைகளே உடையது. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் கிருலப்பனையிலும் தமிழர் வீடுகள் பல எரிந்தபோது இது பழுது பார்ப்பதற்காக வேறோர் இடத்துப் பட்டறையிலே கிடந்தமையால் தப்பியது. உடையவர்கள் கடல் கடந்து சென்றபின் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. வந்தபோது அதன் குரல் இருக்கவேண்டிய நிலையினின்றும் ஏறத்தாழ அரைச்சுரம் தாழ்ந்திருந்தது. கட்டைகள் சில அழுத்தினால் எழமாட்டா. சில எழுந்தால் ஒலிக்கமாட்டா. சுத்தியல்களின் கம்பளியைப் பூச்சி அரித்திருந்தது. முன்னர் எவரோ ஒருவர், ஒட்டவேண்டிய இடத்தில் ஆணியடித்தும் ஆணியடிக்கவேண்டிய இடத்தில் பசை பூசியும் தம் கைவண்ணத்தைக் காட்டிச் சென்றிருந்தார்.

கொழும்பின் காற்று பியானோவுக்குப் பகையாகும். மேனாட்டுத் தச்சர் எலும்புப் பசையால் ஒட்டிய மூட்டுக்கள் ஈரத்தில் நெகிழும். எஃகுக் கம்பி உவர்க்காற்றில் துருவேறும். ஒலிப்பலகை மழைக்காலத்தில் வீங்கிக் கம்பிகளை உயர்த்தும், வெயிற் காலத்தில் சுருங்கித் தாழ்த்தும். இதனை அறிந்தே முற்காலத்து உற்பத்தியாளர் சிலர், வெப்ப நாடுகளுக்கென்று பித்தளைத் திருகாணிகளால் இறுக்கிய பியானோக்களைச் செய்தனுப்பினர். என்னிடம் உள்ளது அவ்வகையினதன்று. அத்தொழிலில் முதிர்ந்த ஒருவரிடம் சில மாதங்கள் சென்று, முறுக்காணியைத் திருப்பும் சாவியைப் பிடிக்கும் முறையையும், ரப்பர் ஆப்புக்களைச் செருகி ஒரு சுரத்துக்குரிய மூன்று கம்பிகளில் இரண்டை ஊமையாக்கும் முறையையும் கற்றேன். கற்றேன் என்பது சற்று மிகைபடக் கூறல். முதல் வாரத்திலேயே, தாழ்ந்த கம்பியை ஒரே மூச்சில் மேலேற்றும் ஆசையால் உச்சத் தொகுதியில் ஒரு கம்பியை அறுத்துவிட்டேன். பியானோ ஒன்றில் 200க்கு மேற்பட்ட கம்பிகள் உள. அவற்றின் இழுவிசை ஒருங்கு சேர்ந்தால் பதினெட்டுத் தொன் வரையில் ஆகும். அவ்விசையைத் தாங்குவது உள்ளேயுள்ள வார்ப்பிரும்புச் சட்டம். அதனைப் பொறுமையாகப் பலமுறை சுற்றிவந்து சிறிது சிறிதாக உயர்த்தவேண்டும் என்பதை அறுந்த கம்பி எனக்குக் கற்பித்தது.

இனி நூலுக்கு வருவோம். பியானோவின் சுரஞ் சேர்ப்பவர் எல்லாக் கட்டைகளையும் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகச் சேர்ப்பதில்லை. இசைக்கவையினின்றும் ஒரு சுரத்தைப் பெற்று, நடுத் தொகுதியிலே அதற்கு ஐந்தாவதைச் சேர்ப்பர். அவ்வைந்தாவதற்கு மீண்டும் ஐந்தாவதைச் சேர்ப்பர். மேலே சென்றுவிட்டால் ஒரு தொகுதி கீழிறங்குவர். இவ்வாறு பன்னிரண்டையும் நிறுத்தியபின்னரே ஏனைய தொகுதிகளுக்குச் செல்வர். இம்முறையைக் கையால் செய்துகொண்டிருந்த ஒரு மாலையில், சிலப்பதிகார உரைகளிலே கூறப்படும் நரம்புப் பிறப்பு என் நினைவில் எழுந்தது. தாரத்தினின்றும் உழை பிறக்கும், உழையினின்றும் குரல், குரலினின்றும் இளி, இளியினின்றும் துத்தம், துத்தத்தினின்றும் விளரி, விளரியினின்றும் கைக்கிளை. குரலை மேனாட்டார் 'சி' என்று வழங்கும் கட்டையிலே வைத்துப் பார்த்தால், குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை என்பன முறையே சி, ஜி, டி, ஏ, ஈ என்றாகும். இது பியானோ சேர்ப்பவர் செல்லும் வழியே. வகுப்பிலே இப்பகுதியைப் பல ஆண்டுகள் கற்பித்திருக்கின்றேன். அதனைப் பிறப்பு முறை என்றே விளக்கினேன். அது கைவேலையின் முறை என்பது, சாவியைக் கையிலே பிடித்த பின்னரே புலனாயிற்று.

இவ்வொப்புமையைக் கண்டவுடன் பியானோவும் தமிழன் கண்டதே என்று முழங்க முற்படுவாரும் நம்மிடையே உளர். அவர்க்கு இக்கட்டுரையால் யாதொரு உதவியும் இல்லை. ஐந்தாவது சுரத்தின் இனிமையை உலகின் பல மக்களும் தாமே கண்டனர். பியானோவை 1700ஆம் ஆண்டையொட்டிப் புளோரன்சு நகரத்துக் கிறிஸ்தோபோரி என்பார் செய்தார். அதில் வழக்கில்லை. நாம் கவனிக்கவேண்டியது, இவ்வழி எங்கே இடறுகின்றது என்பதையே.

ஐந்தாவதுக்கு ஐந்தாவதாகப் பன்னிரண்டு முறை தூய முறையில் ஏறினால், தொடங்கிய சுரத்துக்கு ஏழு தொகுதி மேலே வந்து சேரவேண்டும். ஆனால் சேர்வதில்லை. 531441க்கு 524288 என்னும் விகிதத்தில், அதாவது அரைச்சுரத்தின் காற்பங்குக்குச் சற்றுக் குறைவாக, மேலே சென்றுவிடுகின்றது. இம்மிகுதியை எங்கேனும் ஒளிக்கவேண்டும். பியானோவிலே அதனைப் பன்னிரண்டு ஐந்தாவதுகளுக்கும் சமமாகப் பகிர்ந்து, ஒவ்வொன்றையும் மிகச் சிறிது ஒடுக்குவர். ஒடுங்கிய ஐந்தாவது மெல்ல அலையும். அவ்வலைவை நம் பௌதிகவியல் நூல்கள் அடிப்பு என்பன. தமிழ்நாட்டு நூல்கள் விம்மல் என்பன. அழகு கருதின் பின்னதே சிறந்தது. நடுத்தொகுதியிற் சி, ஜி இரண்டும் சேர்ந்தொலிக்கும்போது நொடிக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைந்த விம்மல் கேட்டால் ஐந்தாவது சரியாக ஒடுங்கியது என்று பொருள். விம்மலே இல்லையெனில் அது தூயது; ஆயின் பியானோவுக்குப் பிழையானது. தூயதைப் பிழையென்று தள்ளும் இப்பழக்கம் எனக்கு நெடுநாள் கைவரவில்லை.

இங்கேதான் தமிழிசை ஆராய்ச்சியின் இரு பெரு நூல்களும் பிரிகின்றன. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்திலே, தொகுதியைச் சமமான பன்னிரண்டாகவும் பின்னர்ச் சமமான இருபத்துநான்காகவும் பகுத்தார். இதுவே பழந்தமிழர் முறை என்றார். 22 சுருதி என்னும் கொள்கையை மறுத்தார். 1916இல் பரோடாவிலே கூடிய இசை மாநாட்டில் தம் கொள்கையை எடுத்துரைத்தபோது, அவருடைய புதல்வியர் இசைத்துக் காட்டினர். விபுலாநந்தரோ, குரலுக்கும் துத்தத்துக்கும் நான்கு, கைக்கிளைக்கு மூன்று, உழைக்கு இரண்டு, இளிக்கு நான்கு, விளரிக்கு மூன்று, தாரத்துக்கு இரண்டு என உரைகள் கூறும் 22 அலகுகளையே கொண்டு, அவற்றின் அளவுகளைப் பின்ன எண்களாற் கணித்தார். அவர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானம் பயின்றவர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இத்தகுதிகள் ஒருவரிடத்தே கூடியமை நம் நற்பேறு.

இருவருள் யார் கூறியது சரி? இவ்வினாவுக்கு நம்மவர் பெரும்பாலும் கட்சி கட்டியே விடை கூறிவந்தனர். சுரஞ் சேர்ப்பவனுடைய அனுபவம் இதில் ஒரு சிறு சான்று தரும் என்று கருதுகின்றேன். பண்டிதரின் கணக்கைப் பியானோ நாள்தோறும் மெய்ப்பிக்கின்றது, அதனை மறுப்பதற்கில்லை. ஆயின், அது மெய்ப்பிப்பது தொகுதியைச் சமமாகப் பகுத்தல் இயலும் என்பதையே; பழந்தமிழர் அவ்வாறு பகுத்தனர் என்பதை அன்று. சமப்பகுப்பைச் செவியால் நிறுத்தவேண்டுமாயின், நொடிக்கு ஒன்றினும் குறைந்த விம்மலைக் காத்திருந்து எண்ணவேண்டும். அதற்கு ஒலி பல நொடிகள் நீடித்து நிற்றல் வேண்டும். எஃகுக் கம்பியும் அகன்ற ஒலிப்பலகையும் உள்ள பியானோவிலே அது நிற்கின்றது. தோற் போர்வை இட்ட பத்தரில், முறுக்கிய நரம்பை விரலால் தெறித்தெழுப்பும் யாழிலே ஒலி விரைந்து தேயும். எண்ணத் தொடங்குமுன் மறையும். விம்மலை அறவே அகற்றித் தூய ஐந்தாவதை நிறுத்துதல் அங்கே எளிது. அளந்தறிந்து ஒடுக்குதல் அரிது. வேண்டப்படுவதும் அன்று, ஏனெனின் யாழிசையில் எல்லாச் சுரத்தினின்றும் கூட்டொலி எழுப்பும் தேவை இல்லை. ஆதலால் இவ்வொரு பொருளில் யான் விபுலாநந்தர் பக்கமே நிற்பேன்.

எனினும் அவர் நூலைப் பற்றியும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. யாழ் நூலை முற்றும் வாசித்து முடித்தவர் மனத்தில் எஞ்சி நிற்பது கணக்கே. 22 அலகுகளும் பின்னங்களாக நிரல்பட நிற்கின்றன; ஒன்றற்கொன்று உள்ள வேறுபாடு சிலவிடத்து 81க்கு 80 என்னும் அளவே, அதாவது அரைச்சுரத்தின் ஐந்திலொரு பங்களவே. இத்துணை நுண்ணிய அளவு ஒரு மரக்கருவியில் எவ்வளவு நேரம் தங்கும்? தோலும் நரம்பும் கொண்ட கருவியை ஒரு மழைப்பொழுது இதனினும் மிகுதியாகப் பிறழ்விக்கும். என் பியானோவே இரும்புச் சட்டத்துக்குள் இருந்தும், கிருலப்பனைக் கால்வாய் பெருகும் நாட்களில் தன் நிலை தவறிவிடுகின்றது. எனவே அந்நுண்மை கருவியிலே நிலைபெற்ற பொருளன்று. மீட்டுவோன் ஒவ்வொரு முறையும் தன் செவியாலே மீளப் பெறும் பொருள் ஆகும். சிலப்பதிகாரத்துக் கானல்வரித் தொடக்கத்தில் யாழின்பாற் செய்யும் எட்டுத் தொழில்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் முன் நிற்கும் பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல் ஆகியவை நரம்பைச் சேர்த்தலையும் தடவிச் சோதித்தலையும் ஏற்றியிறக்கி ஆராய்தலையும் பற்றியன. மாதவி பாடுமுன் இவை நிகழ்கின்றன. இளங்கோவடிகள் எண்ணைத் தரவில்லை, செயலைத் தந்தார்.

அடிகளார் கணக்கோடு நின்றுவிட்டார் என்று யான் கூறுவதாகக் கொள்ளற்க. அவர் கணித்தமைத்த யாழ்கள் செய்யப்பட்டன; அரங்கேற்றத்திலே மீட்டவும் பட்டன. யான் குறிப்பது வேறு. கணித்த அளவும் செய்த கருவியும் முரண்பட்ட இடங்கள் இருந்திருக்கும். மரம் சொன்னபடி கேளாத நாட்கள் இருந்திருக்கும். தச்சனும் புலவரும் ஒருவரையொருவர் திருத்திய மாலைகள் இருந்திருக்கும். அவ்வரலாறே நரம்பு சேர்ப்பவன் அறிய விழைவது. நம் நாட்டில் அதற்கு இணையான உயிருள்ள தொழில் ஒன்று இன்றும் உண்டு. வீணையின் தண்டிலே மெழுகை இட்டு, அதன்மேல் 24 மெட்டுக்களையும் செவியால் நிறுத்தும் வேலையை மேளங் கட்டுதல் என்பர். மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் மீண்டும் கட்டவேண்டும். 22ஆ 24ஆ என்று நம் அறிஞர் வாதிட்ட காலமெல்லாம், மேளங் கட்டுவோர் ஒவ்வொரு வீணையிலும் அவ்வினாவுக்குக் கையால் விடையளித்துக் கொண்டிருந்தனர். அவர்களுடைய செவிக்கு அவ்வாதத்தில் உரிய இடம் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பழுதறியும் செவிக்குத் தமிழிலக்கியம் இடந்தராமலும் இல்லை. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையார் இலம்பகத்தை நோக்குக. யாழ்ப்போரிலே வென்றவனுக்கே மாலை என்னும் அவையில், சீவகனுக்கு யாழ்கள் ஒவ்வொன்றாக நீட்டப்படுகின்றன. அவன் மீட்டு முன் மறுக்கின்றான். இது நீரிலே நின்று ஊறிய மரம், இது அழுகியது, இது நெருப்பிலே வெந்தது, இது இடி வீழ்ந்தது என்று காரணம் கூறி ஒதுக்குகின்றான். நரம்பொன்றைப் புரி நெகிழ்த்து, உள்ளே கிடந்த மயிரை எடுத்துக் காட்டுகின்றான். பாடத்திலே இப்பகுதியைக் கற்பிக்கும்போது இதனைத் தலைவனுடைய கலைச்சிறப்பைக் காட்டும் உயர்வு நவிற்சி என்று சொல்லிக் கடந்துவிடுகின்றோம். யானும் அவ்வாறே கடந்து வந்தவன். இன்று வாசிக்கும்போது, திருத்தக்கதேவர் ஒரு பட்டறையிலே நின்று பார்த்தவர் என்றே எண்ணத் தோன்றுகின்றது. ஒலியைக் கேட்டு மரத்துக்குச் செல்லுதலும், மரத்தினின்றும் அது நின்ற நிலத்துக்குச் செல்லுதலும் பழுது பார்ப்பவனின் சிந்தனை முறையாகும்.

உரையாசிரியர்கள் நரம்பொலியின் குற்றங்களை நான்காக வகுத்தனர். பண்ணோடு பொருந்தா இன்னா ஓசை செம்பகை. அளவிறந்து ஒலித்தல் ஆர்ப்பு. சிதறி ஒலித்தல் அதிர்வு. ஓசை மழுங்குதல் கூடம். என் பியானோவிலே இந்நான்கும் குடியிருந்தன. சுத்தியற் கம்பளி பல்லாண்டு அடியால் இறுகிக் கல்லானமையின் ஆர்ப்பு எழுந்தது; ஊசியாற் குத்தி இளக்கியபோது தணிந்தது. ஒலிப்பலகையின் பின்னுள்ள விலாக்கட்டை ஒன்று பசை விட்டு நின்றமையின் அதிர்வு எழுந்தது. அதனைக் கண்டுபிடிக்க மூன்று நாட்களாயின, ஏனெனின் குறித்த ஒரு கட்டையை அழுத்தும்போது மாத்திரமே அது நடுங்கும். ஒரு சுரத்தின் மூன்று கம்பிகளும் தம்முள் ஒவ்வாதபோது எழுவது செம்பகை. செப்புச் சுற்றிய அடித்தொகுதிக் கம்பிகளில் அழுக்கும் துருவும் சேர்ந்தபோது எழுவது கூடம். உரையாசிரியர் கருத்து முற்றும் இதுவே என்று வாதிட மாட்டேன். அவர் சொற்கள் என் வேலைக்குப் பயன்பட்டன என்பதே போதும். தொழிலுக்கு வேண்டிய சொற்கள் தமிழில் இல்லை என்று குறைகூறுவோர், அவை எந்த ஏட்டில் உறங்குகின்றன என்று தேடினரா என்று கேட்க விரும்புகின்றேன். சிந்தாமணி 1887இல் உ. வே. சாமிநாதையரால் அச்சேறியது, சிலப்பதிகாரம் 1892இல், விபுலாநந்தர் பிறந்த அவ்வாண்டிலேயே, அச்சேறியது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அச்சொற்கள் எவர் கைக்கும் எட்டும் தொலைவிலேயே உள்ளன.

கட்டைக் கருவிகள் நம் செவியைக் கெடுக்கும் என்பது மற்றொரு பழைய குற்றச்சாட்டு. கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி ஹார்மோனியத்தைக் கடிந்தார். அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கி, 1971 வரை அவ்விலக்கைக் காத்தது. அவர்களுடைய அச்சம் பொருளற்றதன்று. பிறர் சேர்த்து வைத்த சுரத்தை விரலால் அழுத்துபவனுக்குச் செவி தேவையில்லை. யாழ் மீட்டிய பாணன் தன் கருவியைத் தானே பண்ணினான். பியானோ வாசிப்பவனோ அவ்வேலையைக் கூலிக்கு விட்டுவிட்டான். ஆனால் செவியைக் கெடுப்பது கட்டையன்று, அக்கைவிடுதலே என்பது என் துணிபு. அதே பியானோவின் பலகையைக் கழற்றிவிட்டு முறுக்காணியின் முன்னே ஒரு திங்கள் அமர்ந்தவனுக்கு, முன் கேளாதன பலவும் கேட்கத் தொடங்கும். கோயிலில் தம்புராச் சுருதி சற்றே விலகியிருப்பதை யான் முதன்முதலாக உணர்ந்தது இப்பயிற்சிக்குப் பின்னர்தான். அதனால் அன்று எனக்கு ஓதுவார் பாடலிலே மனம் ஒன்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். நடுத்தொகுதியில் தாரம் முதற் கைக்கிளை ஈறாக ஏழு நரம்புகளையும் உரை கூறும் வரிசையிலே, விம்மல் சிறிதுமின்றித் தூய ஐந்தாவதுகளாக நிறுத்தினேன். ஒற்றை விரலால் ஒரு தேவாரப் பண்ணை வாசித்தபோது, அக்கருவியிலே அதுகாறும் கேளாத ஒரு தெளிவு இருந்தது. அயல்வீட்டுச் சிறுமி ஒருத்தி இலண்டன் பரீட்சைக்குப் பாடம் பயில என் வீட்டுக்கு வருவதுண்டு. அவள் வந்து குரலையும் கைக்கிளையையும் இளியையும் ஒருங்கே அழுத்தினாள். கைக்கிளை நொடிக்குப் பதினாறு முறை துடித்தது. சமப்பகுப்பிலே அது பத்தளவில்தான் துடிக்கும். சிறுமி கையை எடுத்துவிட்டு, பியானோவுக்குச் சுகமில்லையா என்று கேட்டாள். ஐந்தாவதுகளாலேயே பெற்ற கைக்கிளை, குரலோடு ஒருங்கொலிக்கும்போது மிக உயர்ந்து நிற்கும் என்பதைப் பின்னங்களிற் படித்திருந்தேன். அவள் முகத்திலேதான் கண்டேன். அடிகளார் ஐந்தாவதுகளின் தொடரோடு அமையாது அலகுக் கணக்கிலே அத்துணை உழைத்ததன் காரணமும் அன்று எனக்குச் சற்று விளங்கிற்று.

அவளுக்குப் பரீட்சை அடுத்த திங்களில் இருந்தது. இரண்டு மாலைகள் செலவிட்டு, பன்னிரண்டையும் மீண்டும் சமப்பகுப்புக்கே கொணர்ந்தேன். அடித்தொகுதியில் இரண்டு கம்பிகள் இன்னும் கூடமாகவே ஒலிக்கின்றன. செப்புச் சுற்றிய கம்பி கிடைத்ததும் அவற்றை மாற்றவேண்டும்.